பாட்டுக்கு மூலப்பத்திரம் எங்கே?

சிவன்மலைத் தேர் முடிந்த மறுநாள் காலையில் என் மைத்துனர் வீட்டுக்கு வந்தார். காபி குடித்து முடிக்கும் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “மச்சான், ஒரு பத்துப் பாட்டுப் பாடி வெச்சுக்கோணும்ங்க. ஆப்பரேசனுக்கு முன்னால” என்றார்.

அவருக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குரல் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே போகிறதாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவது எங்கள் கடமை என்றாராம் டாக்டர். முப்பது வருஷம் காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கத்துக் கோயில் நோம்பிகளில் மெல்லிசைக் குழுவில் பாடிய மனுஷர் அவர். அவர் குரல் இதுவரைக்கும் ஒழுங்காக எங்கேயும் பதிவாகவில்லை. கல்யாண வீடியோக்களில் மேளச் சத்தத்துக்கு நடுவே நாலு வரி கேட்கும், அவ்வளவுதான்.

அவர் மகன், என் மருமகன் முறை, மூடிக் கிடந்த ஓர் எண்ணெய்ச் செக்குக் கட்டிடத்தின் மாடியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறான். ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், சுவரெல்லாம் பஞ்சு. கோயில் விழா அறிவிப்பு, கடைத் திறப்பு விளம்பரம், தேர்தல் வந்தால் பிரசாரம் என்று ஓடுகிறது. “ட்ராக் டவுன்லோடு பண்ணி அப்பாவைப் பாட வெச்சா முடிஞ்சுது மாமா. பென்டிரைவ்ல எரநூறு போட்டு சொந்தக்காரங்களுக்கு வித்துரலாம், நெட்லயும் ஏத்திரலாம்” என்றான். முன்பு அப்படி ஒரு பாட்டை ஏற்றி, அன்றைக்கே வேறு யாரோ உரிமை கோரி அறிவிப்பு வந்தது அவனுக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது இங்கே வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு ஏக்கர் கொறங்காட்டை விற்க வந்தால்கூட மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கம் பார்த்தாயிற்றா, வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்களா என்று கேட்டே பழகிய வாய். பாட்டு மட்டும் புறம்போக்கா என்ன? கொஞ்சம் பொறு என்று மருமகனிடம் சொல்லிவிட்டுச் சட்டத்தையும் பழைய கதைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் பிறந்து படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே எங்கள் வாத்தியார் ஒருவர் சொன்ன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1847இல் எர்னஸ்ட் பூர்ழே என்ற பாடலாசிரியர் பாரிஸ் நகரத்தில் ஒரு இசைக் காப்பிக் கடையில் உட்கார்ந்து சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மேடையில் அவருடைய பாட்டைப் பாடுகிறார்கள். பில் வந்தது. கொடுக்க மாட்டேன் என்றார். என் பாட்டை நீங்கள் காசில்லாமல் எடுத்துக்கொண்டீர்கள், உங்கள் தண்ணீரை நான் காசில்லாமல் குடித்தேன், சரியாகப் போயிற்று என்பது அவர் வாதம். விஷயம் கோர்ட்டுக்குப் போய் 1849இல் மேல்முறையீட்டிலும் அவரே ஜெயித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1851இல் தொடங்கிய ‘சாசெம்’ என்ற சங்கம். பாட்டு எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் பணம் வசூலித்துக் கொடுக்கிற அந்தச் சங்கம் இன்றைக்கும் இருக்கிறது. பிரெஞ்சில் இந்த உரிமைக்குப் பெயர் ‘துருவா தொத்தேர்’, அதாவது ஆக்கியவனின் உரிமை. ஆங்கிலத்தில் ‘காப்பிரைட்’, படி எடுக்கும் உரிமை. ஒன்றில் ஆள் முன்னால் நிற்கிறான், மற்றதில் சரக்கு முன்னால் நிற்கிறது. நமக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது.

எங்கள் ஊர்ப் பெருமையாக ஒன்று உண்டு. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். பிரெஞ்சுக்காரன் மண் என்பதால் வெள்ளைக்காரப் போலீஸ் உள்ளே வந்து கைது செய்ய முடியாது. அவருடைய நல்ல பாட்டுக்களில் பெரும்பகுதி அங்கே எழுதியவை. 1921இல் அவர் போன பிறகு அந்தப் பாட்டுக்கள் என்ன ஆயின என்பதைப் படித்தால், பதிவு அலுவலகத்தில் நான் பார்த்த பாகப்பிரிவினை வழக்குகள் எல்லாம் ஒன்றுமே இல்லை.

புத்தக உரிமை குடும்பத்திடமிருந்து அவர் தம்பி விஸ்வநாதன் கைக்குப் போனது. இசைத்தட்டில் பதியும் உரிமையும் ஒலிபரப்பும் உரிமையும் தனியாகப் பிரித்து விற்கப்பட்டன. வாங்கியவர் ஜெய்சிங்லால் மேத்தா என்ற வியாபாரி. நிலம் ஒருவனுக்கு, அதில் உள்ள தென்னை மரம் இன்னொருவனுக்கு என்று எழுதுவது போல. மேத்தாவிடமிருந்து அதை வாங்கினார் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். அவர் சினிமாவுக்கு வருவதற்கு முன்பே சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்து இசைத்தட்டு வியாபாரம் செய்தவர், அதனால் அந்த உரிமையின் மதிப்பு அவருக்கு நன்றாகத் தெரியும். 1947இல் ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாட்டுக்கள் ஊரெல்லாம் ஒலித்தன.

அடுத்த வருஷம் நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாட்டைப் பயன்படுத்தினார்கள். செட்டியார் ஆட்சேபித்தார். சட்டப்படி அவர் செய்தது சரிதான், கையில் பத்திரம் இருக்கிறது. ஆனால் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. பாரதி பாட்டைப் பாடத் தமிழன் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமா என்று எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். நாரண துரைக்கண்ணன் போன்றவர்கள் இயக்கமாகவே நடத்தினார்கள். டி.கே. சண்முகமும் அதில் முன்னால் நின்றார்.

இந்த இடத்தில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் வருகிறார். அப்போது சென்னை மாகாணக் கல்வி மந்திரி தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். திருப்பூரில் பிறந்தவர், பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண வித்யாலயம் வைத்தவர். முதல்வர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1949இல் அரசாங்கம் உரிமைகளை வாங்கியது. விஸ்வநாதனுக்கும் செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் பணம் கொடுத்தார்கள். மெய்யப்பச் செட்டியார் தன் பங்கை ஒரு பைசா வாங்காமல் விட்டுக் கொடுத்தார். அவரைக் குறை சொல்லிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். 1955இல் அரசாங்கம் தன் உரிமையையும் விட்டது, பாட்டுக்கள் எல்லாருக்கும் பொதுவாயின. அன்றைக்கு நடைமுறையில் இருந்த ஆயுள் மற்றும் ஐம்பது வருஷக் கணக்கை அப்படியே விட்டிருந்தால் 1971 முடியும் வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் எல்லாப் பாட்டையும் அரசாங்கம் வாங்க முடியுமா? மற்றப் பாட்டுக்களுக்குச் சட்டம் வேறு ஒரு வழி வைத்திருந்தது. எங்கள் கொறங்காட்டில் கிளுவை வேலிக்கு நடுவே ஆள் போகவர ஒரு கடவு விட்டிருப்பார்களே, அதைப் போல.

இந்தக் கடவை முதலில் பெரிய அளவில் திறந்தது அமெரிக்கா. துளை போட்ட காகிதச் சுருளால் தானே வாசிக்கும் பியானோக்கள் வந்த காலம். ஒரே கம்பெனி எல்லா மெட்டையும் வளைத்துப் போட்டுவிடுமோ என்று பயந்து 1909இல் ஒரு விதி செய்தார்கள்: ஒருமுறை அனுமதியோடு பதிவான பாட்டை வேறு யாரும் மறுபடி பதியலாம், படிக்கு இரண்டு சென்ட் கொடுத்துவிட வேண்டும். இங்கிலாந்தின் 1911 சட்டத்திலும் இதைப் போன்ற ஏற்பாடு இருந்தது. அது 1914இல் இந்தியாவுக்கு வந்தது. நம் சொந்தச் சட்டமான 1957 காப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவில் ஒரு உட்பிரிவாக அது உட்கார்ந்தது. நோட்டீஸ் கொடு, ராயல்டி கட்டு, புதிதாகப் பாடிப் பதிந்துகொள். உரிமையாளர் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

பல வருஷம் அந்தக் கடவு இருந்ததே யாருக்கும் தெரியவில்லை. கேசட் வந்த பிறகு தெரிந்தது. டெல்லி தரியாகஞ்சில் பழரசக் கடைக்காரர் மகனான குல்ஷன் குமார், டி-சீரிஸ் கம்பெனியில் பழைய இந்திப் பாட்டுக்களைப் புதுக் குரல்களில் பாட வைத்து மலிவு விலையில் கொட்டினார். முகமது ரஃபி பாட்டுக்களைப் பாடித்தான் சோனு நிகம் ஊருக்குத் தெரிந்தார். புதுப் பாடகனுக்கு வாய்ப்பு, ஏழைக்குக் கேசட், ஆனால் அசல் கம்பெனிக்கு வயிற்றெரிச்சல். ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படப் பாட்டுக்களுக்கும் இப்படி ஒரு மறுபதிப்பு வந்தபோது கிராமபோன் கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றம் போனது. அட்டையைப் பார்த்து வாங்குகிறவன் இதுதான் அசல் என்று ஏமாறக் கூடாது, மறுபதிப்பு என்று தெளிவாகப் போட வேண்டும் என்று கோர்ட் சொன்னது. 1994 திருத்தத்தில் முதல் பதிவு வந்து இரண்டு வருஷம் பொறுக்க வேண்டும் என்றும் சேர்த்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் நம்மூரில் நடந்தது இந்த அளவுக்குக்கூடச் சட்டத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கடையில் கொடுத்தால் சாயங்காலம் பதிந்து தருவார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். அரசாங்க முத்திரை குத்துகிற அதே கையால் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாளும் உறுத்தியதில்லை. இப்போது எழுதும்போதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

2012இல் சட்டத்தைப் பெரிதாகத் திருத்தினார்கள். அதில் மிக நல்ல காரியம் ஒன்று இருக்கிறது. 1977இல் உச்ச நீதிமன்றம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சினிமாவுக்குப் போட்ட பாட்டு தயாரிப்பாளருக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்திருந்தது. அந்த வழக்கிலேயே நீதிபதி கிருஷ்ண ஐயர் தனியாக ஒரு குறிப்பு எழுதி, பாடுகிறவனுக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையே என்று வருத்தப்பட்டார். 2012 திருத்தம், எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று ஆக்கியது. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காக வாதாடினார். பூர்ழே கேட்ட நியாயம் ஒருவழியாக இங்கே வந்து சேர்ந்தது.

அதே திருத்தம்தான் கடவை அடைத்தது. மறுபாடலுக்கு 31சி என்று புதுப் பிரிவு. இரண்டு வருஷம் ஐந்து வருஷம் ஆனது, அது பரவாயில்லை. மறுபாடல் என்று அட்டையில் போட வேண்டும், அசல் பாடகர் பெயரையோ படத்தையோ போடக் கூடாது, வரியையும் மெட்டையும் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. எல்லாம் நியாயம். ஆனால் ஒரு பாட்டுக்கு, படிகள் எடுக்கும் ஒவ்வொரு வருஷமும், குறைந்தது 50,000 படிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காகப் படிக்குப் பத்துப் பைசா என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு 5,000 ரூபாய். பத்துப் பாட்டுக்கு 50,000. எங்களுக்கு வேண்டியது 200 பென்டிரைவ்! புழக்கம் குறைந்த மொழிகளுக்கு இந்த அளவைக் குறைக்கலாம் என்று காப்புரிமை வாரியத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாரியமே பிறகு வேறொரு தீர்ப்பாயத்தோடு சேர்ந்து, 2021இல் அந்தத் தீர்ப்பாயமும் கலைந்து, வேலை கோர்ட்டுகளுக்குப் போய்விட்டது. பெரிய கம்பெனிகளின் கேசட் சண்டையை மனதில் வைத்துப் போட்ட பூட்டு இது. மாட்டிக்கொண்டது மாடி ஸ்டூடியோக்காரன்.

சரி, உரிமையாளரிடமே கேட்டு அனுமதி வாங்கலாமே என்றால், உரிமையாளர் யார்? நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுக்கலாம். பாட்டுக்கு அப்படி ஒன்று கிடையாது. டெல்லியில் பதிவேடு இருக்கிறது, ஆனால் பதிய வேண்டும் என்று கட்டாயமில்லை. இளையராஜாவுக்கும் கம்பெனிகளுக்கும் வருஷக்கணக்காக வழக்கு நடப்பதைப் பார்க்கிறோம். 2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே அவர் தரப்பிலிருந்து மேடையில் பாடக் கூடாது என்று நோட்டீஸ் போனபோது என் மைத்துனர் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. “ரெண்டு பேருமே நம்ம சாமிங்க மச்சான், யாரைன்னு சொல்றது” என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது.

மருமகனுக்கு நான் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினேன். ஒரு பாட்டுக்கு மூன்று பட்டா. வரிக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, பதிவான ஒலிக்கு ஒன்று. நீ புதிதாக வாசித்துப் பாடினால் மூன்றாவது உனக்கு வேண்டாம். ஆனால் நீ டவுன்லோடு செய்கிறாயே ட்ராக், அதையும் யாரோ உட்கார்ந்து வாசித்துப் பதிந்திருக்கிறான். அந்த ஒலி அவனுடையது. இதை அவன் யோசித்ததே இல்லை. “அது சும்மாதானே கெடைக்குது மாமா?” என்றான். சாலையோரம் கட்டியிருக்கும் மாடும் சும்மாதான் நிற்கிறது என்றேன்.

பிறகு இருவரும் இறந்தவர்களின் கணக்குப் போட்டோம். வரிக்கும் மெட்டுக்கும் ஆக்கியவர் ஆயுள், அதற்கு மேல் அறுபது வருஷம். இசையமைப்பாளர் ஜி. ராமநாதன் காலமானது 1963. ஆகவே 2024 பிறந்ததிலிருந்து அவர் மெட்டுக்கள் பொது. மைத்துனருக்கு ஒரே சந்தோஷம், அவர் குழுவில் ராமநாதன் பாட்டுக்கள்தான் உயிர். ஆனால் வரி எழுதினவரையும் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்து உடுமலை நாராயணகவியும் கண்ணதாசனும் 1981இல் போனார்கள். அவர்கள் வரிகள் 2041 முடிய வேலிக்குள். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் சின்ன வயதில் போய்விட்டார். அவர் வரிகள் 2020இலேயே வெளியே வந்துவிட்டன. ஆனால் மெட்டு எம்.எஸ். விஸ்வநாதனுடையது என்றால் அவர் காலமானது 2015, கணக்கு 2075 வரை போகிறது. அற்பாயுசில் போனவன் பாட்டுச் சீக்கிரம் பொதுவாகிறது. மைத்துனர் இதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். நான் பேச்சை மாற்றினேன்.

பாரதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வரிதான் பொது. நாம் முணுமுணுக்கும் மெட்டு பல சமயம் சினிமா மெட்டு. ‘நாம் இருவர்’ மெட்டுக்கள் சுதர்சனத்துடையவை. அவருக்கும் அறுபது வருஷக் கணக்கு உண்டு.

கடைசியில் இப்படி முடிவு செய்தோம். விற்கவும் இணையத்தில் ஏற்றவும் ஐந்து உருப்படிகள்: பாரதியார் பாட்டு இரண்டு, மெட்டு மைத்துனரே போட்டது. அருணகிரிநாதரின் திருப்புகழ் ஒன்று, சிவன்மலை முருகனுக்காக. அவர் பாட்டி பாடிய கும்மி இரண்டு. தபேலாவுக்குப் பழைய குழுக்காரர் ஒருவர் வந்தார், கீபோர்டு மருமகன். ட்ராக் எதுவும் இல்லை. மீதி ஐந்தும் சினிமாப் பாட்டுக்கள். அவற்றை விற்பதில்லை, ஏற்றுவதில்லை, வீட்டோடு வைத்துக்கொள்வது. சொந்த உபயோகத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, காசு வாங்காமல் மகன் அப்பாவுக்குப் பதிந்து கொடுப்பது அதற்குள் அடங்கும் என்பது என் அபிப்பிராயம். நான் வக்கீல் இல்லை. அதில் ஒரு பாட்டுக்கு மட்டும் அனுமதி கேட்டு, உரிமை வைத்திருப்பதாகத் தெரிந்த கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை.

மூன்று ராத்திரி பதிவு நடந்தது. பகலில் லாரிச் சத்தம். கடைசி ராத்திரி கும்மியைப் பாடும்போது என் மனைவி, தம்பி பாடுவதைக் கேட்க வந்தவள், கதவோரம் நின்றபடியே கை தட்டிவிட்டாள். மருமகன் நிறுத்தி மறுபடி எடுக்கலாம் என்றான். மைத்துனர் வேண்டாம் என்றுவிட்டார். சினிமாப் பாட்டு ஐந்தையும் தனியாக ஒரு பெட்டியில் போட்டு, ‘வெளியே கொடுக்க வேண்டாம்’ என்று மருமகன் பெயர் வைத்திருக்கிறான்.

ஆப்பரேஷன் வருகிற செவ்வாய்க்கிழமை.